சங்கு நேரம்

ஏழாம் தொட்டியின் வரிகள் இரண்டு வாரத்துக்கு முன்பே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

ஃபேக்டரி கிளார்க் மோனிஷா மவுஸின் சக்கரத்தை விரலால் உருட்டி உருட்டிக் கீழே போனாள். ஆறு லட்சத்துச் சொச்சம் வரி. தேயிலைக் கொழுந்து வாட்டும் ஏழு தொட்டிகளுக்கும் கம்பெனி போன வருஷம் ஒவ்வொரு கருவி மாட்டியிருந்தது. தொட்டிக்குள் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், கரண்டு வருகிறதா, மூடி திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்று இரண்டு நொடிக்கு ஒரு தடவை எழுதிவைக்கும். ஒன்று என்றால் மூடி அடைப்பு, பூஜ்யம் என்றால் திறப்பு. ஜூலை பதின்மூன்றிலிருந்து இன்றுவரை ஏழாம் தொட்டி எழுதியதை இறக்கி, நேரத்தை மனுஷர் படிக்கிற மாதிரி மாற்றி, அஞ்சு மணிக்குள் அனுப்பு என்று கொச்சி ஆபீஸ் சொல்லியிருந்தது. அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இந்த மழையில் ஃபேக்டரி மாடியேறி வந்து உட்கார்ந்திருந்தாள்.

பதினாலாம் தேதி திங்கட்கிழமை இருட்டும் நேரத்தில் போலீஸ்காரர் முன்னால்தான் ஏழாம் கருவியின் ஒயரைப் பிடுங்கினார்கள். அந்த ஒயர் சுருட்டி ஆணியில் தொங்குவது பனி இல்லாத நாளில் இங்கிருந்து கண்ணாடி வழியாகத் தெரியும். கோப்பிலும் அன்று ராத்திரி ஏழே முக்காலுக்கு மேல் கரண்டுப் பத்தியில் வெறும் பூஜ்யம்தான். ஆனால் பக்கத்துப் பத்தியில் ஈரம் எண்பத்தி நாலு, எண்பத்தி ஐந்து, எண்பத்தி ஆறு, எண்பத்தி ஐந்து, எண்பத்தி நாலு என்று போய்க்கொண்டே இருந்தது.

கொச்சி ஆபீசின் சாஃப்ட்வேர்க்காரன் ஜின்சனுக்குப் போன் போட்டாள்.

"அது ஒண்ணும் இல்ல மோனிஷா. ஒயர் எடுத்தா பழைய வேல்யூ ரிப்பீட் ஆவும். பேடிக்கண்டா, பயப்படாத."

"ஒரே நம்பரா வந்தா ரிப்பீட்டுன்னு சொல்லலாம் சார். இது ஏறி ஏறி எறங்குது."

"அப்போ பேட்டரி. விடு. ஏழே முக்காலுக்குக் கீழ உள்ளத கட் பண்ணிக்கோ. நமக்கு வேண்டியது அந்த ஞாயிறு மூடி எப்போ அடச்சதுன்னு மட்டும்தான். டைம் மட்டும் கன்வெர்ட் பண்ணி அனுப்பினா மதி, போதும்."

அவன் பக்கத்தில் ஒரு குழந்தை அழுதது. பாத்திரச் சத்தம் கேட்டது. போனை வைத்ததும் இந்தப் பக்கத்தின் அமைதி முன்னைவிடப் பெரிதாகிவிட்டது.

நெட்டிமேடு எஸ்டேட், மாட்டுப்பட்டியிலிருந்து ஜீப்பில் அரை மணி நேர ஏற்றம். ஃபேக்டரி மாடி முழுக்கக் கொழுந்து வாட்டும் இடம். நீளவாக்கில் ஏழு மரத்தொட்டிகள். அவற்றின் கடைசியில், தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் உட்கார்ந்தபடி கண்ணாடி வழியே எல்லாவற்றையும் பார்க்கிற மாதிரி, பலகையடித்த ஒரு சின்ன அறை. அதுதான் ஆபீஸ். கண்ணாடிக்கு அடுத்தது ஒன்றாம் தொட்டி, கோடியில் ஏழு. ஆனால் ஆடி மாத மூடுபனி மாடியின் சன்னல் கட்டைகள் வழியாக உள்ளேயே வந்து படுத்துக்கொண்டிருந்ததால், மத்தியானம் இரண்டு மணிக்கே நாலாம் தொட்டிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தகரத்தில் மழை விழுகிற சத்தம், அது ஓடையில் இறங்கித் தொண்டை கட்டியவன் போலக் கனைக்கிற சத்தம், நேற்றைய கொழுந்தின் புளித்த பச்சை வாடை, நனைந்த சாக்கு வாடை, மெஷின் எண்ணெய் வாடை. பதினெட்டு வயதுவரை அவளுடைய அம்மாவின் முந்தானையில் இருந்த வாடையும் இதுதான். அம்மா செத்து மூன்று வருஷம் ஆகிறது. அண்ணன் திருப்பூரில். எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் அவளும் ஒரு ஸ்டவ்வும் மட்டும். வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலை போனால் ஒரு வாரத்தில் சாமான்களை வாசலில் எடுத்துவைத்துவிடுவார்கள். அவள் கண்முன் நாலு வீட்டுக்கு வைத்திருக்கிறார்கள்.

நேரப் பத்தியைப் பார்த்தாள். தேதியும் இல்லை, மணியும் இல்லை. பத்து இலக்கத்தில் ஒரு எண். அடுத்த வரியில் அதைவிட இரண்டு கூட. அதற்கடுத்த வரியில் இன்னும் இரண்டு. 1970 ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து எத்தனை நொடி ஓடியிருக்கிறதோ அதுதான் அந்த எண் என்று ஜின்சன் நேற்றே சொல்லியிருந்தான். ஒரு நாளுக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு நொடி. அதால் வகுத்து, எக்செல்லுக்குப் பிடித்த ஒரு எண்ணைக் கூட்டினால் தேதி வந்துவிடும்.

மூடிப் பத்தியில் பூஜ்யம் ஒன்றாக மாறிய வரியைத் தேடினாள். 1752400842. அதன் பக்கத்தில் சூத்திரத்தை அடித்துவிட்டு, என்டரைத் தட்டாமல் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு தட்டினாள்.

ஜூலை பதின்மூன்று, காலை பத்து மணி, நாற்பத்திரண்டு நொடி.

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் இங்கே இல்லை. லயத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் பார்த்தார்கள். அப்படியானால் மூடியை வேறு யாரோ முன்பே அடைத்திருக்கிறார்கள். அவள் அடைத்தது என்பது அவளுடைய நினைப்புக் கோளாறு. அப்படி இருக்கக் கூடாதா என்ன?

போன் அடித்தது. ஜின்சன்.

"சொல்ல மறந்தே. அது லண்டன் டைம். நம்மட டைம் வேணும்னா அஞ்சரை மணிக்கூர் கூட்டணும்."

கூட்டினாள். மாலை மூன்றரை மணி, நாற்பத்திரண்டு நொடி.

*

"என்ன தாயி, கணக்கு வந்துருச்சா?"

வாசலில் வாட்ச்மேன் லோகேஷ் நின்றான். நாற்பது வயசு. குடையிலிருந்து தண்ணீர் ஒழுக, ஒரு காலை மட்டும் உள்ளே வைத்திருந்தான். இன்னொரு கையில் தூக்குப்போணி.

"வந்துக்கிட்டு இருக்குண்ணே."

"வீட்டுல கோமதி கட்டஞ்சாயா குடுத்து விட்டா. சீனி தூக்கலா இருக்கும். அவளுக்கு இப்ப கை நடுக்கம் பாரு, சீனி டப்பாவே கவுந்துருது." சிரிக்கப் பார்த்தான். "நாளைக்குக் கொச்சிக்காரக வர்றாகளாம். ஸ்டேஷன்லயும் வரச் சொல்லிருக்கு. மிஷினு எழுதி வச்சதுல வர்ற மணிதான் கடைசியாம்ல?"

"ஆமாண்ணே."

"நான் மூணேகாலுக்குத்தான் தாயி டூட்டி ஏறுனேன். மாடிப்பக்கமே வரல. கேட்டுல பீடியப் பத்த வச்சிட்டு ஒக்காந்தவன் அப்படியே ஒக்காந்துட்டேன். சோம்பேறின்னு எழுதிக்கிடட்டும், பரவால்ல. கொலகாரன்னு எழுதிறக் கூடாதுல்ல." தூக்குப்போணியை மேஜையில் வைத்தான். "ஒனக்குத் தெரியாததா. நீ படிச்ச புள்ள. சரியாப் பாத்துச் சொல்லு."

அவள் போணியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன மணிக்குக் கெளம்புவ? ஒத்தையில இருக்க. இருட்டிட்டு வருது."

"நாலு மணிக்குக் கெளம்பிருவேண்ணே."

"சரி, நாலுக்கு மேல நான் வந்து இந்தக் கதவுக்குக் கொண்டியப் போட்டுக்கிறேன். டீமேக்கரு, எலி உள்ள போகுது எலி உள்ள போகுதுன்னு கத்துறாரு."

படியில் இறங்கினான். போகிறபோது, வாசலில் கிடந்த அவளுடைய ரப்பர் செருப்பு படி ஓரத்துக்கு வந்திருந்ததைக் காலால் தள்ளி ஒழுங்காக வைத்துவிட்டுப் போனான். மழைக்காலத்தில் இங்கே யாரும் செருப்பை வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போவதில்லை. சேற்றில் வழுக்கும், வெறுங்காலில் இறங்குவதே பத்திரம். ஃபேக்டரிச் செருப்பு ஃபேக்டரியிலேயே கிடக்கும். அதனால்தான் அன்றைக்கு ஏழாம் தொட்டியின் மூடி ஓரத்தில் பிச்சைமணி மாமாவின் செருப்பைப் பார்த்தபோதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பார்த்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பிச்சைமணி தொட்டி கூட்டுகிறவர். ஐம்பத்தேழு வயசு. தொட்டி என்றால் மேலே கொழுந்து பரப்புகிற கம்பிவலை, அடியில் காற்று ஓடுவதற்கு ஒரு ஆள் தவழ்ந்து போகிற உயரத்தில் இருட்டு. ஒரு முனையில் பெரிய ஃபேன், மறுமுனையில் பலகை மூடி, மூடிக்கு வெளிப்பக்கம் இரும்புக் கொண்டி. வலை வழியாக உதிரும் தூளை உள்ளே தவழ்ந்து போய்க் கூட்டி அள்ளவேண்டும். முப்பது வருஷம் மெஷின் பக்கத்தில் நின்றதில் அவருக்கு ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது. நெஞ்சுச் சளிக்கு எந்நேரமும் யூக்கலிப்டஸ் தைலம் பூசியிருப்பார். ஆள் வருமுன் தைலம் வரும். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வராததைத் தேட ஆள் இல்லை.

திங்கட்கிழமை காலை வலையில் கொழுந்தைப் பரப்பி ஃபேனைப் போட்டார்கள். ஏழாம் தொட்டியில் ஒரு இடம் மட்டும் வாடவே இல்லை. மற்ற இடமெல்லாம் கொழுந்து காற்றில் சிலிர்க்க, ஒரு ஆள் படுத்த நீளத்துக்கு, ஒரு ஆள் படுத்த அகலத்துக்கு, பச்சையாக, அசையாமல் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் மூடியைத் திறந்தார்கள்.

மூடியின் உள்பக்கத்தில் பலகை நார் நாராக உரிந்திருந்தது.

*

மூன்றரை மணி.

அந்த ஞாயிறு மூன்றேகாலுக்கு அவள் டிரைவர் ரிஞ்சுவின் ஜீப்பில் ஏறி மாட்டுப்பட்டிக்குப் போய்விட்டாள். பையை எடுக்க ஆபீசுக்கு மட்டும் வந்தேன், தொட்டிப் பக்கம் போகவில்லை என்று விசாரணையில் சொல்லியிருந்தாள். மூன்றரைக்கு மூடி அடைபட்டது என்றால் அப்போது ஃபேக்டரியில் இருந்தவன் ஒருவன்தான். கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்தவன்.

சாரலுக்குக் கதவைச் சாத்திவிட்டுச் சாயாவைக் குடித்தாள். சீனி தூக்கல்தான்.

மணி பார்க்கப் போனை எடுத்தாள். இரண்டு ஐம்பது. பழக்கத்தில் சுவரையும் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது.

போணியைக் கீழே வைத்தாள்.

நெட்டிமேட்டில் பிறந்தவர்களுக்கு அது கண்ணில் படாத விஷயம். வெள்ளைக்காரன் காலத்தில் ஆட்களை அரை மணி முன்னாலேயே பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, எழுப்ப ஃபேக்டரிக் கடிகாரத்தை அரை மணி வேகமாக வைத்தானாம். வெள்ளைக்காரன் போய்விட்டான், கடிகாரம் இன்னும் அப்படியேதான் ஓடுகிறது. ஃபேக்டரிச் சங்கு அதன்படிதான் ஊதும். பிரட்டு அதன்படிதான். பிள்ளை பிறந்த நேரம் சொல்லும்போதுகூட, சங்கு மணியா ரேடியோ மணியா என்று ஜோசியக்காரன் கேட்டுக்கொள்வான். வெளியாட்களுக்கு இது தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் வந்ததில்லை.

போன வருஷம் கருவிகளுக்கெல்லாம் நேரம் கொடுக்கிற பெட்டியை மாட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். கொச்சியிலிருந்து ஸ்பீக்கர் போனில், லோக்கல் டைம் எத்தனை என்று கேட்டார்கள். ஏணி மேலிருந்த எலக்ட்ரீஷியன் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துச் சொன்னான். அவன் பேரில் தப்பில்லை. அவனுக்கு லோக்கல் டைம் என்றால் அதுதான். இப்போது அவனும் ஊரில் இல்லை.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. வேண்டாம் என்று மனம் சொல்லும்போதே விரல் செய்துகொண்டிருந்தது. சங்கு ஊதும்போது மாடியில் விளக்கு மங்கும். கரண்டுப் பத்தியில் எண் இறங்கும். ஞாயிற்றுக்கிழமையானாலும் மத்தியானச் சங்கு தானாக ஊதும். சங்கு மணி பன்னிரண்டு. ரேடியோ மணிக்குப் பதினொன்றரை. பெட்டி ரேடியோ நேரத்தில் ஓடினால் இறக்கம் பதினொன்றரையில் இருக்கவேண்டும்.

பதினொன்றரையில் கரண்டு இருநூற்று முப்பதில் சீராக இருந்தது.

பன்னிரண்டுக்கு உருட்டினாள். 1752388200. இருநூற்றுப் பத்து. அடுத்த வரி இருநூற்று எட்டு. நாற்பது நொடிக்கு அப்படியே. பிறகு பழையபடி இருநூற்று முப்பது.

ஆக, மூன்றரை என்பது சங்கு நேரம். மூடி அடைபட்டது ரேடியோ மணி மூன்றுக்கு. மூன்று மணிக்கு அவள் இந்த அறையிலிருந்து எழுந்து தொட்டிகளின் ஓரமாக நடந்துபோனாள். ஏழாம் மூடி திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. "யாராச்சும் இருக்கீகளா?" என்று ஒரு தடவை கேட்டாள். ஒரே ஒரு தடவை, அதுவும் பாதிக் குரலில், ஆளில்லாத இடத்தில் உரக்கக் கூப்பிடக் கூச்சமாக இருந்ததால். பதில் இல்லை. எலி புகாமலிருக்க மூடியைச் சாத்தினாள். கொண்டி துருப்பிடித்திருந்தது; உள்ளங்கையால் ஒரு குத்து குத்திய பிறகுதான் விழுந்தது.

தைல வாடை அடித்ததா? அடித்தது. எப்போதும் அடிப்பதுதானே.

அதற்குக் கீழுள்ள வரிகளைப் படிக்காமல் விட்டிருக்கலாம். படித்தாள். மூடி அடைபட்ட மூன்றாம் நிமிஷத்திலிருந்து ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. சூடும் அப்படித்தான். வெளியே பன்னிரண்டு டிகிரி. தொட்டிக்குள் பதினாலு, பதினாலரை. ஒரு ஆள் இருக்கிற சூடு. கரண்டுக் கம்பி மூடியின் ஓரமாகப் போகிறது; மூடி அதிரும்போதெல்லாம் அந்தப் பத்தியில் ஒரு துள்ளல். மாலை ஐந்துவரை துள்ளல், துள்ளல், துள்ளல். ஏழுக்கு இடைவெளி விட்டு. பத்துக்கு மேல் எப்போதாவது. விடியற்காலை நாலே முக்காலுக்கு மூன்று தடவை, கதவு தட்டுகிறவர்கள் தட்டுகிற மாதிரி. பிறகு சூடு இறங்கியது. பதினாலு. பதின்மூன்று. பன்னிரண்டு.

அந்த ராத்திரி அவள் லயத்தில் சீரியல் பார்த்துவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருந்தாள்.

*

மூன்றேகாலுக்கு மெயிலைத் திறந்தாள்.

பொய் என்று எதையும் எழுதவேண்டியதில்லை. அதுதான் அதிலுள்ள வசதி. கொச்சியில் கேட்டபடி அஞ்சரை மணி கூட்டியாகிவிட்டது. அரை மணி கழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. லோகேஷ் ஏதாவது சொல்லிப் பார்க்கலாம். ஆனால் பெட்டி எந்தக் கடிகாரத்தைப் பார்த்து ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியாது. கோமதிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தப் பக்கத்தில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். எங்கேயாவது இருப்பார்கள். அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

'நேரம் சரிபார்க்கப்பட்டது. பெட்டியில் உள்ள நேரம் சரியானது. வேறு திருத்தம் தேவையில்லை' என்று தட்டினாள். கோப்பை இணைத்தாள். ஏழே முக்காலுக்குக் கீழுள்ள வரிகளை வெட்டினாள். எண்பத்தி நாலு, எண்பத்தி ஐந்து, எண்பத்தி ஆறு, எண்பத்தி ஐந்து. ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு. வெட்டுகிறபோதுதான் கவனித்தாள்: அவளுடைய நெஞ்சும் அதே தாளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

அனுப்பினாள்.

அனுப்பிய கையோடு கரண்டு போனது. ட்யூப்லைட் செத்தது. யூபிஎஸ் பீப் பீப் என்று கத்தியது. கம்ப்யூட்டர் மட்டும் நீலமாக எரிந்தது. அதன் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, வெளியே இருந்த தொட்டிகளை மறைத்து, அவள் முகத்தையே அவளுக்குக் காட்டியது. பீப்பை நிறுத்த பட்டனை அமுக்கினாள். மழை மட்டும்.

கோப்பை மூடியதும் அதன் பின்னால் இருந்த திரை வந்தது. எட்டுக் கட்டங்கள். தொட்டிகள் இந்த நிமிஷம் எப்படியிருக்கின்றன என்று காட்டுகிற திரை. ஏழு தொட்டிகளுக்கு ஏழு. எட்டாவது, தொட்டிக்கு வெளியிலுள்ள காற்றை ஒப்பிட இந்த அறைச் சுவரில் மாட்டியது. அவளுடைய நாற்காலிக்குப் பின்னால், தலை உயரத்தில்.

ஏழாம் கட்டம் சாம்பல் நிறத்தில் கிடக்கவேண்டும். பச்சையாக இருந்தது.

ஈரம் எண்பத்தி ஆறு. சூடு பதினாலரை. மூடி: ஒன்று.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று பூஜ்யமானது.

மாடியின் கோடியில், மூடுபனிக்கு அந்தப் பக்கம், துருப்பிடித்த இரும்பு ஒன்று பலகையிலிருந்து கழன்று விழுகிற சத்தம். மழைச் சத்தத்துக்கு மேலும் அது கேட்டது. அவளுடைய உள்ளங்கைக்கு அந்தச் சத்தம் தெரியும்.

காற்று. காற்றடித்தால் கழலும்.

ஏழின் சூடு இறங்கியது. பன்னிரண்டு. ஆறாம் கட்டத்தில் ஏறியது. பதின்மூன்று. பதினாலு. பதினாலரை. சற்று நேரம் அங்கேயே நின்றது, முழங்காலில் வலி உள்ள ஆள் நின்று போகிற மாதிரி. பிறகு ஆறு இறங்கியது. ஐந்து ஏறியது.

கூடவே ஒரு சத்தம். பலகைத் தரையில் சாக்கை இழுக்கிற சத்தம். இழுப்பு. நிறுத்தம். இழுப்பு.

லோகேஷைக் கூப்பிடலாம். போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. கரண்டு போனால் டவரும் போகும். மணி மட்டும் காட்டியது: மூன்று நாற்பத்தாறு.

நாலு ஏறியது.

எழுந்து வாசலுக்கு ஓடலாம். வாசல் தொட்டிகளின் பக்கம்தான் திறக்கிறது.

மூன்று.

கண்ணாடியைப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. திரையை மட்டும் பார்த்தாள்.

இரண்டு.

தைலம்.

முதலில் லேசாக, வெளியே யாரோ யூக்கலிப்டஸ் விறகு எரிக்கிற மாதிரி. அப்புறம் மூக்கு எரிய.

ஒன்று. பதினாலரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரம். சாக்கு இழுபடுகிற சத்தம் நின்றது. கண்ணோரத்தில் தெரிந்தது: கண்ணாடியின் அடிப்பாகத்தில், வெளிப்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்தது. கலைந்தது. படிந்தது.

ஒன்று இறங்கியது.

வேறு எந்தக் கட்டமும் ஏறவில்லை. ஏழு கட்டங்களும் பன்னிரண்டில் நின்றன. அவள் காத்திருந்தாள். கட்டங்களின் மேல் பெட்டியின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது: நாலு இருபத்தொன்று. போனில் மூன்று ஐம்பத்தொன்று. இன்னும் அரை மணி இருக்கிறது என்று புத்தி ஒரு நொடி ஆறுதல் சொன்னது. திரையில் நடப்பது இனிமேல் நடக்கப்போவது, அதற்குள் ஓடிவிடலாம் என்றது. பெட்டியில் உள்ள நேரம் சரியானது என்று அவளே எழுதி அனுப்பியிருந்தாள்.

எட்டாம் கட்டம் ஏறியது.

பன்னிரண்டரை. பதின்மூன்று. பதினாலு.

பதினாலரை.

ஈரம் எண்பத்தி நாலு. எண்பத்தி ஐந்து. எண்பத்தி ஆறு. எண்பத்தி ஐந்து.

என் மூச்சுதான், என்று நினைத்தாள். கருவி தலைக்குப் பின்னால் இருக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது, சின்ன அறை. என் மூச்சுதான் பட்டு ஏறுகிறது. நான் விடாமல் நிறுத்தினால் இறங்கிவிடும். இறங்கினால் ஒன்றுமில்லை. அவ்வளவுதான்.

வாயை மூடி மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

படியில் காலடி. வெளிப்படியில், நிஜமான காலடி, குடையை உதறுகிற சத்தம். லோகேஷ். சங்கு மணி நாலு இருபதாகிவிட்டது; நாலுக்கு மேல் வருகிறேன் என்றவன் அவனுடைய நாலுக்கு வந்திருக்கிறான். அவள் சொன்னது ரேடியோ மணி. அவன் கேட்டது சங்கு மணி.

"செருப்ப விட்டுட்டு எறங்கிருச்சு போல," என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கேட்டது. உள்ளே விளக்கில்லை; திரையின் நீலத்தைக் கதவுப் பலகை மறைத்தது. கதவுக்கு வெளியே நின்றான். தயங்கினான். பிறகு, ஆளில்லாத இடத்தில் கூப்பிடுகிற கூச்சத்தோடு, பாதிக் குரலில்:

"யாராச்சும் இருக்கீகளா?"

பதில் சொல்ல மூச்சு விடவேண்டும். விட்டால் எண் யாருடையது என்று தெரியாமல் போய்விடும். ஒரு நொடி. ஒரே ஒரு நொடி. எண் இறங்குவதை மட்டும் பார்த்துவிட்டால் போதும். அப்புறம் கூப்பிடலாம்.

கொண்டி துருப்பிடித்திருந்தது. அவன் உள்ளங்கையால் ஒரு குத்து குத்தினான். விழுந்தது.

எட்டாம் கட்டத்தில் மூடிக்கான இடம் எப்போதும் வெறுமையாக இருக்கும். அறைக்கு மூடி இல்லை. அதில் இப்போது ஒன்று என்று வந்தது.

காலடி படியிறங்கிப் போனது.

நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது. கண் இருட்டியது. பிடரி மயிர் ஈரமாக, கதகதப்பாக, மெதுவாக அசைந்தது.

அவள் மூச்சு விடவில்லை.

எண்பத்தி ஏழு. எண்பத்தி எட்டு.